ஆம், உங்கள் பெயரை நீக்கியது நான்தான்



நீளமான பதிவு. அஸருக்குப் பிறகு தேத்தண்ணியோடு ஆறுதலாக உட்கார்ந்து வாசியுங்கள். பாதியில் விட்டுவிட்டுப் பின்னூட்டத்தில் சண்டைக்கு வரவேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

சென்ற வாரம் எங்கள் பாடசாலையின் கணினி வலையமைப்பில் 23 பேரின் பெயர்களை, அவர்கள் இருந்த குழுக்களிலிருந்து எடுத்துவிட்டேன். அதிபரின் அனுமதியோடுதான். பட்டியலை ஆசிரியர்களின் வட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அரை மணித்தியாலத்தில் ஊர் முழுக்கப் போய்விட்டது. (அந்தக் குரூப்பிலும் இடமாற்றமாகிப் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.)

அன்றிரவே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முன்பு பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருந்த ஒருவர், "என்ன சேர், என்னைக் கழட்டிப் போட்டுட்டிங்களாம். நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்னெல்லாம் செஞ்சன் தெரியுமா?" என்றார். இடமாற்றம் பெற்றுப் போன ஓர் ஆசிரியை, ஒரு வார்த்தை சொல்லாமல் நீக்கியது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றார். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் குரல் பதிவு அனுப்பினார். அதில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மூன்று பேருக்கும், இனி அழைக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்து ஒரே பதில் இது.

முதலில் விஷயம் என்னவென்று விளங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஆய்வுகூடத்திலும் காரியாலயத்திலும் ஆசிரியர் அறையிலும் உள்ள கணினிகள் எல்லாம் ஒரு சேர்வரோடு இணைக்கப்பட்டவை. அந்தச் சேர்வரில் ஒரு 'டிரெக்டரி' இருக்கிறது. பாடப்புத்தகத் தமிழில் அடைவுச் சேவை. நாங்கள் பாவிப்பது மைக்ரோசொஃப்டின் அக்டிவ் டிரெக்டரி. 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 சேர்வரோடு வந்த சாமான், புதினமான ஒன்றல்ல. பணம் இல்லாத பாடசாலைகள் லினக்ஸில் சம்பாவைப் போட்டு அதே வேலையைச் செய்யலாம். 2012 இறுதியில் வந்த சம்பா 4 முதல் அதற்கு வழி இருக்கிறது.

இந்த டிரெக்டரியை நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது 'இடாப்பு' என்றுதான் சொல்வேன். யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்த இடாப்பு. நீங்கள் எந்தக் கணினியில் உட்கார்ந்து பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தாலும், அந்தக் கணினி சேர்வரிடம் போய் இவர் யார், எந்தக் குழுக்களில் இருக்கிறார் என்று கேட்கும். வருகிற பதிலை வைத்துத்தான் புள்ளிப் பதிவு உங்களுக்குத் திறக்கும், வினாத்தாள் கோப்புறை திறக்காமல் போகும்.

சரி, வகுப்பு இடாப்பை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் புது இடாப்பு எழுதுகிறோம். வேறு பாடசாலைக்குப் போன பிள்ளைக்கு விடுகைப் பத்திரம் கொடுத்து, இடாப்பிலிருந்து பெயரை நீக்குகிறோம். எந்த உம்மாவாவது வாப்பாவாவது வந்து, "என் பிள்ளையின் பெயரை ஏன் வெட்டினீர்கள், அவமானமாகப் போய்விட்டது" என்று சண்டை பிடித்திருக்கிறார்களா? பிள்ளைகளுக்கு விளங்குகிற இந்த ஒழுங்கு பெரியவர்களுக்கு ஏன் விளங்குவதில்லை? கடதாசியில் எழுதினால் இடாப்பு, கணினியில் எழுதினால் கௌரவமா?

ஏன் திடீரென்று இதைச் செய்தேன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். சொல்வதற்கு எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்ற வருடம் தரம் 11 இரண்டாம் தவணைப் பரீட்சையின்போது, கணித வினாத்தாளில் இருந்த ஐந்து கணக்குகள் இலக்கம்கூட மாறாமல் ஒரு டியூஷன் வகுப்பின் மாதிரித் தாளில் முதல் நாளே வந்துவிட்டன. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்போது யாரைச் சந்தேகித்தோம் என்பதும் ஞாபகம் இருக்கும். கொப்பிகளை வைப்பதற்கு ஆசிரியர் அறைக்குப் போய்வந்த ஒரு பிள்ளையை. அவள் நல்ல புள்ளி எடுத்திருந்தாள், அந்த டியூஷனுக்கும் போனாள், அவ்வளவுதான் சாட்சி. போனால் படம் எடுத்திருப்பாள் என்று முடிவு கட்டினோம். உம்மாவை அழைத்தோம். பிள்ளை மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. ஊரில் என்னென்ன கதை வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கதையைக் காவித் திரிந்தவர்களில் சிலர்தான் இப்போது என்னிடம் கௌரவம் பற்றிப் பேசுகிறார்கள்.

ஒரு மாதம் கழித்து, வேறு ஏதோ தேடும்போது சேர்வரின் பதிவைப் பார்த்தேன். இந்தச் சேர்வரை அமைத்துத் தந்த பழைய மாணவர், எந்தக் கோப்பை யார் எப்போது திறந்தார் என்று பதிவாகும்படி வைத்துவிட்டுப் போயிருந்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி கொடுக்கட்டும். பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை, ஆய்வுகூடக் கணினி ஒன்றிலிருந்து அந்த வினாத்தாள் திறக்கப்பட்டிருந்தது. திறந்த கணக்கு, இரண்டு வருடத்துக்கு முன் எங்களை விட்டுப் போன ஒரு தொண்டர் ஆசிரியருடையது. சனிக்கிழமைகளில் அச்சுப் பிரதி எடுக்க வந்துபோவார். நம்மட தம்பிதானே என்று யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அவர் யாருடைய கடவுச்சொல்லையும் திருடவில்லை. சொந்தக் கணக்கு, சொந்தக் கடவுச்சொல். கேட்டபோது, "சேர், திறந்துச்சு, அதான் பார்த்தன். பார்க்கக் கூடாதுன்னா திறக்காதுதானே?" என்றார். அவர் செய்தது பிழை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஏனென்றால் அவரைப் பரீட்சைக் குழுவில் சேர்த்தது நான்தான். மூன்று வருடத்துக்கு முன், வினாத்தாள் தட்டச்சு செய்ய ஆள் போதாமல், அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் என்று சேர்த்தேன். வாரம் முடிந்தது. தவணை முடிந்தது. அவரும் போய்விட்டார். பெயர் இருந்தது. சேர்க்கும்போது பத்துப் பேர் தொலைபேசியில் அவசரப்படுத்துவார்கள். எடுக்கச் சொல்லி இன்றுவரை ஒருவர்கூட எனக்கு அழைப்பு எடுத்ததில்லை.

அதற்குப் பிறகு உட்கார்ந்து முழு இடாப்பையும் பார்த்தேன். மூன்று இரவு போனது. கண்டதைச் சொல்கிறேன்.

சில கோப்புறைகளில் குழுவே இல்லை, ஆட்களின் பெயர்களே நேரடியாக எழுதப்பட்டிருந்தன. இவருக்குப் பார்க்கலாம், அவருக்கு எழுதலாம் என்று ஒவ்வொருவராக. இது நாட்டில் நிறைய இடங்களில் நடக்கும் பிழை. அந்த ஆள் போனதும் கணக்கை அழித்துவிட்டால், கோப்புறையில் அவர் பெயர் இருந்த இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான இலக்கம் மட்டும் கிடக்கும். யார் அது, எதற்காக இருந்தார் என்று எவருக்கும் தெரியாது. எங்கள் சேர்வரில் அப்படி இலக்கங்கள் வரிசையாகக் கிடந்தன.

சரியான முறை ஒன்று இருக்கிறது, மைக்ரோசொஃப்டே பல வருடமாகச் சொல்லிவருகிற முறை. உரிமையை ஆளுக்குக் கொடுக்காதே, குழுவுக்குக் கொடு. அதிலும் இரண்டு வகைக் குழு வேண்டும். ஒன்று, ஆட்கள் செய்யும் வேலையைச் சொல்லும் குழு: 'தரம் 11 வகுப்பாசிரியர்கள்', 'பரீட்சைப் பிரிவு', 'நூலகம்'. மற்றது, கோப்புறைக்கான உரிமையைச் சொல்லும் குழு: 'புள்ளிப் பதிவு எழுதலாம்', 'புள்ளிப் பதிவு பார்க்கலாம்'. ஆளை வேலைக் குழுவில் போடு. வேலைக் குழுவை உரிமைக் குழுவுக்குள் போடு. உரிமைக் குழுவின் பெயரை மட்டும் கோப்புறையில் எழுது. பிறகு ஒரு ஆசிரியர் தரம் 11இலிருந்து தரம் 8க்கு மாறினால், ஒரே ஒரு இடத்தில் பெயரை மாற்றினால் போதும். 40 கோப்புறைகளைத் திறந்து தேடத் தேவையில்லை. கொஞ்சம் சுற்றிப் போகிற மாதிரித் தெரியும். ஒரு தடவை இடமாற்றக் காலத்தில் செய்து பாருங்கள், ஏன் என்று விளங்கும்.

அடுத்ததுதான் எனக்குக் கோபம் வந்த இடம்.

டொமைன் அட்மின்ஸ் என்று ஒரு குழு இருக்கிறது. அதில் இருப்பவர் எவருடைய கடவுச்சொல்லையும் மாற்றலாம், எந்தக் குழுவிலும் தன்னையே சேர்த்துக்கொள்ளலாம், எந்தக் கணினியிலும் எதையும் நிறுவலாம், எந்தக் கோப்பையும் தன் கைக்குக் கொண்டுவரலாம். இதில் எங்கள் பாடசாலையில் ஏழு பேர் இருந்தார்கள். என்னை விட்டால் மீதி ஆறு பேரும் அந்த உரிமையை ஒரு தடவையாவது பாவிக்கத் தேவைப்பட்டவர்கள் அல்லர். முன்னாள் நிர்வாகத்தினர், அன்பளிப்புச் செய்தவர்கள், 'பெரிய இடத்துக்காரர்கள்'. சேர்வர் திறப்பு விழாவில் பொன்னாடை போர்த்திய மாதிரி அட்மின் உரிமையையும் போர்த்தி விட்டிருக்கிறோம்!

சகோதரர்களே, அது பொன்னாடை இல்லை. அந்த ஏழு பேரில் ஒருவர் அந்தக் கணக்கோடு உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பென்டிரைவைச் சொருகினால், அதில் வைரஸ் இருந்தால், அந்த வைரஸும் அட்மினாகத்தான் வேலை செய்யும். ஆய்வுகூடம், காரியாலயம், பிள்ளைகளின் பதிவு எல்லாம் ஒரே நாளில் போகும். அதிபருக்குக்கூட இந்த உரிமை தேவையில்லை. அதிபருக்குத் தேவை அறிக்கைகளைப் பார்க்கும் உரிமை, அது வேறு குழு. இதை நான் எங்கள் அதிபரிடமே நேரில் சொன்னேன். முதலில் முகம் மாறியது, பிறகு அவரே தன் பெயரை எடுக்கச் சொன்னார். அவருக்கு நன்றி. எனக்கும் இப்போது இரண்டு கணக்கு. பாடக்குறிப்பு தட்டவும் மின்னஞ்சல் பார்க்கவும் சாதாரணக் கணக்கு. சேர்வர் வேலை இருக்கும்போது மட்டும் மற்றது.

இனி, நீங்கள் சொல்லும் நியாயங்களுக்கு வருகிறேன்.

"எங்களில் நம்பிக்கை இல்லையா?" நம்பிக்கை இருக்கிறது. கேள்வி அதுவல்ல. பள்ளிவாசல் நிர்வாகத்தில் பொருளாளர் மாறினால், பழையவர் திறப்பைப் புதியவரிடம் கொடுக்கிறாரா இல்லையா? வங்கியில் கையொப்பம் மாற்றுகிறோமா இல்லையா? பழைய பொருளாளர் கள்ளன் என்று நினைத்தா மாற்றுகிறோம்? பதவி முடிந்தது, அமானிதத்தை ஒப்படைத்தார். நாளைக்கு ஏதும் நடந்தால் அவர் மேல் பழி வராது. உண்மையில் உங்கள் பெயரை நீக்கியதால் பாதுகாப்புக் கிடைத்தது உங்களுக்கும்தான். அடுத்த வினாத்தாள் வெளியானால் சந்தேகிக்கப்படுவோர் பட்டியலில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

"திரும்பத் தேவைப்பட்டால்?" சேர்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஒரு சின்ன விஷயம் மட்டும் ஞாபகம் வையுங்கள். நீங்கள் எந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்பதைக் கணினி நீங்கள் உள்நுழையும் நேரத்தில்தான் வாசித்துக்கொள்கிறது. புதிதாகச் சேர்த்தால் ஒருதடவை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். "சேர், சேர்த்திங்க, ஆனா திறக்குதில்ல" என்று அழைப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் பிரச்சினை. மறுபக்கமும் அப்படித்தான். ஒருவரை நீக்கினாலும், அவர் ஏற்கெனவே உள்நுழைந்த கணினியில் வெளியேறும்வரை பழைய உரிமை பெரும்பாலும் அவரிடம் இருக்கும். ஆகவே கணினியைத் திறந்தபடி விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

"இதெல்லாம் கம்பியூட்டர் சேரின் வேலை, எங்களுக்கென்ன?" இதைத்தான் நான் ஏற்கவே மாட்டேன். தரம் 6 பகுதியில் இன்று யார் படிப்பிக்கிறார், யார் பிரசவ லீவில் போனார், யார் பதிலுக்கு வந்தார் என்பது பகுதித் தலைவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரியாதவன் கையில் இடாப்பு இருந்தால் அது பிழையாகத்தான் இருக்கும். அக்டிவ் டிரெக்டரியில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொறுப்பாளரை எழுதி, அந்தக் குழுவின் பட்டியலை மட்டும் மாற்றும் உரிமையை அவருக்குக் கொடுக்கலாம். அட்மின் ஆக்கத் தேவையில்லை. வருகிற தவணையிலிருந்து பகுதித் தலைவர்கள்தான் தங்கள் குழுக்களுக்குப் பொறுப்பு. சொல்லித் தர நான் தயார். எனக்கு வயதாகிவிட்டது, கம்பியூட்டர் ஏறாது என்று சொல்பவர்கள் பேஸ்புக்கில் எனக்கு முன்னால் கருத்துப் போடுகிறார்கள்.

"சின்னப் பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு எதற்கு?" அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்று பெரிய எரிபொருள் குழாய்க் கம்பனி இருக்கிறது. 2021 மே மாதம் அதற்குள் நுழைந்தவர்கள் எப்படி நுழைந்தார்கள் தெரியுமா? கம்பனியில் எவரும் பாவிக்காமல் விட்டிருந்த, ஆனால் மூடப்படாமல் கிடந்த ஒரு பழைய வி.பி.என் கணக்கின் கடவுச்சொல்லை வைத்து. கைத்தொலைபேசிக்கு இலக்கம் வருகிற மாதிரியான இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் அந்தக் கணக்குக்கு இருக்கவில்லை. கம்பனி குழாயை நாட்கணக்கில் மூடியது. கிழக்குக் கரையோர மாநிலங்களில் பெற்றோலுக்கு வரிசை நின்றார்கள். அடுத்த வருடம் நாம் நின்ற வரிசைக்குக் காரணம் வேறு, ஆனால் வரிசை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பனி கட்டிய கப்பம் 75 பிட்கொயின், அன்றைய பெறுமதியில் ஏறத்தாழ 44 இலட்சம் டொலர். இத்தனைக்கும் மறந்துபோன ஒரே ஒரு கணக்கு. எங்களிடம் 23 இருந்தது.

இன்னொரு நியாயம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் அதுதான் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிறது. குழுவில் இருப்பது ஒரு மரியாதை, எடுத்தால் மானம் போச்சு. வட்ஸ்அப் குரூப் கொண்டுவந்த நோய் இது. ஒரு குரூப்பிலிருந்து ஒருவரை எடுத்தால் இரண்டு குடும்பம் பேசாமல் போகிறது. அதற்குப் பயந்து எவரும் எவரையும் எடுப்பதில்லை. அந்தப் பயத்தைத் தூக்கிக்கொண்டு சேர்வருக்குள்ளும் வந்துவிட்டோம்.

பாடசாலையோடு இது நிற்கவில்லை. ஊரில் நலன்புரி வேலை செய்யும் தம்பிமார் உங்களுக்கும் ஒரு வார்த்தை. விதவைகளின் பெயர், கணவனை இழந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், மாத வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் போட்டு கூகிள் ஷீட் ஒன்று வைத்திருக்கிறீர்கள். கொரோனாக் காலத்தில் உலர் உணவுப் பொதி கொடுக்க ஆரம்பித்த பட்டியல். அதை அன்று ஒவ்வொரு இளைஞனின் ஜீமெயிலுக்கும் தனித்தனியாகப் பகிர்ந்தீர்கள். அவசரம், விளங்குகிறது. இன்று அந்த இளைஞர்களில் பாதிப்பேர் ஊரில் இல்லை, சிலர் அரசியலில், ஒருவர் கடன் கொடுக்கும் கம்பனியில் வேலை. பட்டியல் இன்னும் எல்லோருக்கும் திறக்கிறது. நானே திறந்து பார்த்தேன், எனக்கும் திறந்தது. நான் அந்தக் குழுவில் கடைசியாக வேலை செய்தது 2020இல்.

கையேந்தக் கூச்சப்பட்டு, இரவில் பின்பக்கத்தால் பொதி கொண்டுவந்து தாருங்கள் என்று கேட்ட பெண்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு இந்த நாட்டில் 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமே வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள். அந்தப் பெண்களின் கண்ணைப் பார்த்து என்ன சொல்வீர்கள்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கூகிளில் நலன்புரிக் குழு என்று ஒரு குழு முகவரி உருவாக்குங்கள். ஷீட்டை ஆட்களுக்குப் பகிராமல் அந்த முகவரிக்கு மட்டும் பகிருங்கள், பழைய பகிர்வுகளை வெட்டுங்கள். நிர்வாகம் மாறும் அன்று குழுவில் பெயர்களை மாற்றுங்கள். தவறியும், இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். அப்படி வைத்தால் குழுவும் இல்லை, இடாப்பும் இல்லை, சந்தியில் ஒட்டிய நோட்டீஸ்தான்.

பாடசாலைக்கு வருகிறேன். விண்டோஸ் சேர்வர் 2016 முதல் ஒரு வசதி இருக்கிறது. ஒருவரைக் குழுவில் சேர்க்கும்போதே இத்தனை நாளைக்கு என்று எழுதிவிடலாம், நாள் முடிந்ததும் பெயர் தானாகவே போய்விடும். எவருக்கும் அழைப்பு எடுக்கவும் தேவையில்லை, எவர் மனமும் நோகாது. எங்கள் சேர்வர் அதைவிடப் பழையது. ஆகவே நான் கண்டுபிடித்த தொழில்நுட்பம், 120 பக்கக் கொப்பி ஒன்று. பெயர், எந்தக் குழு, யார் சொல்லிச் சேர்த்தது, எந்தத் திகதியில் எடுக்க வேண்டும், நான்கு நிரல். கடைசி நிரல் வெறுமையாக இருந்தால் நான் சேர்க்க மாட்டேன். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அழைத்தாலும் சரி. ஒவ்வொரு தவணையின் கடைசி வாரமும் பகுதித் தலைவர்கள் தங்கள் பட்டியலைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

மாணவர்கள் எல்லோரும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் நுழைவதும் இந்தத் தவணையோடு முடிகிறது. ஒரு கணக்கை 300 பேர் பாவித்தால் எந்தக் குழுவில் போட்டும் பிரயோசனமில்லை, பதிவில் யார் என்றும் தெரியாது. அந்தச் சனிக்கிழமை வந்தவர் அந்தப் பொதுக் கணக்கில் நுழைந்து திறக்கக்கூடியதாக அந்தக் கோப்புறை இருந்திருந்தால், அந்தப் பிள்ளைதான் கள்ளி என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருப்போம்.

அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டாள். உயர்தரத்துக்கு எங்கள் பாடசாலைக்கு வரவில்லை, வேறு ஊருக்குப் போகிறாள். நானும் பிரதி அதிபரும் வீட்டுக்குப் போய் அவளுடைய வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டோம். தேத்தண்ணி தந்தார்கள். பிள்ளை அறையை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் குற்றம் சாட்டியது ஊரறிய, மன்னிப்புக் கேட்டது வீட்டு மண்டபத்தில். அதனால்தான் அவளுடைய பெயரைச் சொல்லாமல், இங்கே பகிரங்கமாக எழுதுகிறேன்: அவள் எடுக்கவில்லை. பிழை எங்களுடையது, முதலாவதாக என்னுடையது.

திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் நான் ஆய்வுகூடத்தில் இருப்பேன். நீக்கியது பிழை என்று நினைப்பவர்கள் நேரில் வாருங்கள். இப்போது என்ன பொறுப்பில் இருக்கிறீர்கள், எந்தக் கோப்புறை எதற்குத் தேவை, எப்போது வரைக்கும் தேவை என்று சொல்லுங்கள். கொப்பி மேசையில் இருக்கும்.